யானையின் காது காயும்வரை

துணி யானைக்குக் காது ஒட்டினால், பசை காயும்வரை விரலை எடுக்கக் கூடாது. எங்கள் தொழிலில் முதல் பாடம் இதுதான். இடது கை காதைப் பிடித்திருக்கிறது. வலது கை சும்மா இருப்பதால் எழுதுகிறேன். காது காய்ந்ததும் உள்ளே கூப்பிடுவார்கள். நான் மைக் முன்னால் பேச வேண்டும். நாலு பேர் பார்த்தாலே தொண்டை அடைத்துக்கொள்ளும் என்னைப் போன்றவர்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

எங்கள் மேடம் ஜனங்களின் கஷ்டங்களைப் படம் எடுப்பவர். நடுவில் டிவிக்குக் குழந்தைகள் நிகழ்ச்சியும் செய்வார். ஏழாவதோடு நின்ற நான், பெங்களூர் காக்ஸ் டவுனில் அவருடைய ஸ்டுடியோவில் பொம்மை தைக்கிறேன். ஷூட்டிங்குக்கும் கூடமாடப் போவேன்.

கழுவிய வாசல்

அடுகோடியில் ஒரு சந்து. மழை வந்தால் சாக்கடை வீட்டுக்குள் வரும். அதைப் படம் பிடிக்கப் போனோம். போனால், சந்து முழுக்கக் கழுவி, பினாயில் தெளித்து, கோலம் போட்டிருக்கிறது! தண்ணீர் நின்ற கறைக்குக்கூட ஒரு அம்மா சுண்ணாம்பு அடித்துவிட்டார். "ஏம்மா, இதைக் காட்டத்தானே வந்தோம்?" என்றார் மேடம்.

அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கஷ்டத்தை வாயால சொல்றேன் மேடம். ஊரே பாக்கறப்ப என் வாசல் நாறணுமா?"

ஒரு நிமிஷம்

பேச்சை எல்லாம் பதிந்த பிறகு, படத்தை வெட்டி ஒட்டும்போது இடையில் வைக்க, அறையின் வெறும் சத்தத்தையும் ஒரு நிமிஷம் பதிவார்கள். முதல் வாரம் எனக்கு அது தெரியாது. சவுண்டு பார்க்கும் ரஃபீக் கையைத் தூக்கினார். ஃபேன் நின்றது. எல்லோரும் தலை குனிந்து அசையாமல் நின்றார்கள். ஜெபம் என்று நினைத்து நானும் முக்காடு போட்டுக் கண்ணை மூடினேன். புறாவின் சிறகு, எங்கோ போகிற ரயில், யார் வீட்டுக் குக்கரோ... ஒவ்வொன்றாக வந்து என் மடியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. நிமிஷம் முடிவதற்குள் வாய் தானாக "ஆமென்" என்றுவிட்டது.

ரஃபீக் ஹெட்போனைக் கழற்றிச் சிரித்தார். "யக்கா, இன்னொரு தபா எடுக்கறோம். இந்த வாட்டி சாமிக்கு மட்டும் கேக்கற மாதிரி சொல்லுங்க."

யானையின் வயிறு

போன வாரம், குழந்தைகள் நிகழ்ச்சிக்கான இந்த யானைக்கு வயிற்றுத் தையல் பிரிந்துவிட்டது. குழந்தைகள் பேசுவதைப் பிடிக்க அதன் கழுத்துப்பட்டையில் மைக் ஒளித்திருந்தார்கள். அதை மறந்துவிட்டுத் தைத்தேன். ஆள் இல்லாதபோது பொம்மைகளோடு நான் நன்றாகவே பேசுவேன். "அழாதடா செல்லம், ஒரே ஒரு தையல், அம்மா இருக்கேன்ல." பக்கத்து அறையில் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். யானைக்கு இந்தக் குரல்தான் என்று மேடம் முடிவே செய்துவிட்டார். நான் மாட்டேன் என்றுதான் சொன்னேன்.

வீட்டில் என் மகள் ஜெனியிடம் இதைச் சொன்னேன். ஒண்ணாங்கிளாஸ். என்னை மாதிரியேதான், மிஸ் பேர் கூப்பிட்டால் கை மட்டும் தூக்குவாள், வாய் திறக்க மாட்டாள். ரொம்ப நேரம் யானையையே நினைத்துக்கொண்டிருந்தாள் போல. தூங்கப் போகும்போது சொன்னாள்: "நீ டிவில பேசும்மா. அப்புறம் நான் மிஸ்கிட்ட பேசறேன்."

ஊரார் வாயைத் திறக்க வைக்கிற ஷூட்டிங் வண்டியில் ஏறினால், ஒருநாள் நம் வாயையும் திறந்துதான் ஆக வேண்டும்போல.

"யானையக்கா, வரலாமா?" ரஃபீக் கதவைத் திறந்துவிட்டார். "தோ வரேன்" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன், பாருங்கள். காது ஒட்டிவிட்டது, தொண்டையும் ஏதோ திறந்துகொண்ட மாதிரிதான் இருக்கிறது.