பத்து லட்சத்து ஒன்பது

எங்கள் ரயில் பெட்டிக்கு ஒரு சட்டம் உண்டு. திங்கட்கிழமை திண்டிவனத்தில் வண்டி ஏறியதும் யாராவது ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். விக்கிரவாண்டி வருவதற்குள் அதை மீதமில்லாமல் வகுத்து உடைத்தவருக்கு அந்த வாரம் ஜன்னல் சீட்டு. உடையாவிட்டால் அது பகா எண், சீட்டு சொன்னவருக்கு. கைபேசியைத் தொடக் கூடாது. விழுப்புரத்துப் பள்ளிகளில் பாடம் நடத்தப் போகும் பெண்கள் நாங்கள். காலங்காத்தாலே வேறு எதற்குச் சண்டை போடுவது?

அந்த வாரம் இயற்பியல் அக்கா சொன்னது பத்து லட்சத்து ஒன்பது. பதினொன்றால் வகுத்தால் ஒன்று குறைந்தது, பதினேழால் வகுத்தால் ஒன்று மிஞ்சியது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. விக்கிரவாண்டியில் வண்டி நின்றதும் அக்கா ஜன்னலோரம் நகர்ந்தார்.

"பகா எண்ணுதான். எழுதிக்குங்கடி."

"உடையும்க்கா" என்றேன்.

"எதால?"

எனக்குத் தெரியவில்லை. ஆத்திரத்தில் வந்த வார்த்தை அது.

"மேத்ஸ் மேஜர்னு சொல்லிக்கினு திரியிற. நாளைக்கு உடைச்சிக் காட்டு, எழுந்துக்கிறேன்."

பெட்டியே சிரித்தது. கல்லூரியில் கணக்கில் நான் புலி. ஏழாம் வகுப்புக்குப் பின்னம் நடத்தி நடத்தி, அந்தப் புலி இன்னும் இருக்கிறதா என்று எனக்கே சந்தேகம். நிஜமாகவே அது பகா எண்ணாக இருந்துவிட்டால்?

மறுநாள் மயிலம் தாண்டும்போது உறைத்தது. பத்து லட்சம் என்பது ஆயிரத்தின் வர்க்கம், ஒன்பது மூன்றின் வர்க்கம். பொதுக் காரணி இல்லாத இரண்டு வர்க்கங்கள் கூடி ஒற்றைப்படை எண் வந்தால், நான்கால் வகுக்கும்போது ஒன்று மிஞ்சுகிற பகா எண்களால் மட்டுமே அதை உடைக்க முடியும். கல்லூரியில் நானே நிரூபித்த தேற்றம், பாவி, மறந்தே போயிருந்தேன். ஏழு, பதினொன்று, பத்தொன்பது எல்லாம் வெளியே போ! பாதிக் கூட்டம் ஒழிந்தது. மிச்சத்தை வரிசையாக வகுத்தேன். முந்தைய நாள் எங்களில் யாரும் நூறைத் தாண்டவில்லை. பேரணியில் சிக்னலுக்கு வண்டி நின்றபோது நான் இருநூறைத் தாண்டியிருந்தேன். பக்கத்தில் இருந்தவர் உரித்து நீட்டிய மல்லாட்டைக் கடலையைக்கூட வாங்கவில்லை.

281க்கும் மீதம் விழுந்தது. அடுத்தது 293. மூவாயிரத்து நானூற்றுப் பதிமூன்று தடவை போனது, மீதம் பூஜ்யம்.

"உடைஞ்சிடுச்சி!"

நான் போட்ட கத்தலில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்துவிட்டார்கள். அக்கா தாளைப் பிடுங்கி, தானே பெருக்கிப் பார்த்தார். சரியாக இருந்தது. ஆனாலும் லேசில் விடுவாரா?

"293 பகா எண்ணு, தெரியும். இந்த 3413? அது உடையுமா? விக்கிரவாண்டி வர்றதுக்குள்ள சொல்லு."

பிளாட்பாரமே தெரிய ஆரம்பித்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. 3413 உடைய வேண்டுமென்றால் அறுபதுக்குள் இருக்கும் ஏதோ ஒரு பகா எண் அதை உடைக்க வேண்டும். அதை உடைப்பது பத்து லட்சத்து ஒன்பதையும் உடைத்திருக்கும். வெளியே போனவை போக, மிச்சமிருந்த சின்ன எண்கள் ஒவ்வொன்றிடமும் நான் அன்று காலையிலேயே தோற்று முடித்திருந்தேன்.

"உடையாதுக்கா."

"நேத்து மாதிரி கோவத்துல சொல்றியா?"

"இல்லக்கா, கணக்குல சொல்றேன். நவுருங்க."