தங்கச்சியின் மச்சங்கள்

மாத்திரைகளை எண்ணுகிறேன், மின்விசிறி கடகடப்பதை எண்ணுகிறேன். எரிச்சலாக இருக்கிறது என்கிறாள் மருமகள். எனக்கும்தான். இந்தப் பழக்கம் என் தங்கையின் உடம்பில் தொடங்கியது, இனி விடாது.

பிறக்கும்போதே அவள் முதுகு முழுக்கக் கருமச்சம், அதன்மேல் மெல்லிய முடி. கை, கால், கழுத்தெல்லாம் சிறுசிறு மச்சங்கள். கிரகணத்தன்று அம்மா வெளியே வந்ததால்தான் என்றார்கள். அதே வாரம் அப்பாவுக்கு துபாய் விசா வந்தது, பேச்சு மாறிவிட்டது. ராசியான மச்சமாம். வளைகுடாவுக்குப் புறப்படுகிறவர்கள் முத்துப்பேட்டையிலிருந்தெல்லாம் வந்து அவள் முதுகைத் தொட்டுவிட்டுப் போனார்கள்.

"மெதுவா தொடுங்கண்ணே, புள்ள தூங்குது" என்பாள் அம்மா.

"இவ முதுகுதான் அண்ணி நம்மூரு ஏர்போர்ட்டு" என்பார் சித்தப்பா. தினமும் தொட்டும் அவருக்கு மட்டும் விசா வரவில்லை.

நான் மூன்றாம் வகுப்பு. வாய்ப்பாடு வராது. தங்கையைக் குளிப்பாட்டும்போது மச்சங்களை எண்ணுவது மட்டும் தப்பாமல் வரும்.

ஒரு வயது நிறையுமுன் அவளுக்கு வலிப்பு வந்தது. குடித்த பாலெல்லாம் வாந்தி. தலை பெரிதாகிக்கொண்டே போனது. தொட்டவர்களின் கண் பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டார்கள். வலிப்பு நிற்கவில்லை. நடவைப் பாதியில் விட்டுவிட்டு, அம்மா எங்களைத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனாள்.

டாக்டர் அவள் சட்டையைக் கழற்றிப் பார்த்தார். "பெருச விட்டுட்டு, சின்ன மச்சம் எத்தனை இருக்கும்மா?"

அம்மா தங்கையைத் திருப்பி எண்ணத் தொடங்கினாள். "முப்பத்தேழு சார்" என்றேன் நான்.

"கதை அளக்கிறியாடா?"

"இல்ல சார், நேத்துதான் எண்ணினேன். பொறந்தப்ப இருபத்தொம்பது."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு அம்மாவிடம் குரலைத் தாழ்த்தினார். "தோல்ல இருக்கிற இந்தக் கருப்பு மூளையிலயும் இருக்கும்னு நெனைக்கிறேன். அதான் வலிப்பு. இவங்க அப்பா எங்க?"

"துபாய்லங்க. ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் விடுவாங்க."

"கேட்டுப் பாருங்கம்மா. உடனே வந்தா நல்லது."

அப்பா வரப்போகிறார்! என் கணக்கு சரியாக இருந்ததற்குக் கிடைத்த பரிசு என்றே நினைத்தேன்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா நெடுநேரம் வயல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இனிமே எண்ணாதடா" என்றாள். எண்ணினால் கண்பட்டுவிடும் என்று பயப்படுகிறாள் போலும். தலையாட்டினேன்.

தங்கை அவள் மடியில் புரண்டாள். காதுக்குப் பின்னால் இன்னொன்று, எள்ளளவு. முப்பத்தெட்டு. அம்மாவிடம் சொல்லவில்லை. அப்பா வந்து இறங்கியதும் முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும் என்று, ஊர் வரும்வரை சந்தோஷமாக மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.