அறுபத்து நான்கு வயதில் ஒரு கத்தி

“கத்தியக் கொடு” என்று கையை நீட்டிய பிறகுதான் கலெர்வோ காலை வணக்கமே சொல்வார். லென்துவா ஏரி உறைந்து ஆள் நடக்கத் தாங்கும் நாள் முதல், வசந்தத்தில் அது கறுத்து நொறுங்கும் நாள் வரை, நாற்பது குளிர்காலங்களாக அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள் இந்த இரண்டு சொற்களில்தான் விடிந்தன. கத்தி நண்பர் ஆர்வியுடையது. கலெர்வோவிடம் சொந்தக் கத்தி இருந்ததே இல்லை.

குஹ்மோ ஊரில் இது சாதாரண விஷயமல்ல. இடுப்பில் கத்தி இல்லாமல் மீன் பிடிக்கப் போகிற ஆளை இங்கே ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். கலெர்வோவின் குளிரங்கிப் பைகளில் மற்றதெல்லாம் இருக்கும்: கயிற்றுச் சுருள், மூன்று தீப்பெட்டி, உபரியாக ஒற்றைக் கையுறை, என்றைக்கோ யாரோ பேருந்தில் விட்டுப்போன குழந்தையின் காலுறை. கத்தி மட்டும் இராது. கேட்டால் “தொலைச்சிருவேன்” என்பார். முப்பத்து நான்கு வருடம் கயானிக்கும் குஹ்மோவுக்கும் பேருந்து ஓட்டி, ஒரு சாவியைக்கூடத் தொலைக்காதவர்.

பேருந்தில் அவருக்கு ஒரு சேட்டை உண்டு. இந்தப் பக்கத்து ஜனங்கள் வாயைத் திறப்பதைச் செலவாக நினைப்பவர்கள். இறங்குமிடத்தைக் கழுத்துத் துணிக்குள் முணுமுணுப்பார்கள். கலெர்வோ இடது கையைக் காதுக்குப் பின்னால் குவித்து, தலையைச் சாய்த்துக் காத்திருப்பார். மறுபடி சொல்வார்கள், இந்த முறை உரக்க. “முதத் தடவையே கேட்டுருச்சு. ரெண்டாவது தடவை சொல்லும்போது மொகத்துல கொஞ்சம் ரத்தம் ஓடும், அதுக்காகத்தான்” என்று பின்னாளில் ஒத்துக்கொண்டார்.

கத்தி வாங்காததற்கும் காரணம் அந்த மாதிரிதான். உறைந்த ஏரியில் ஆளுக்கொரு துளை போட்டு, ஆளுக்கொரு மடக்கு முக்காலியில், அறுபது தப்படி தள்ளித்தான் உட்காருவார்கள். பக்கத்தில் போய் உட்கார்ந்தால் மரியாதைக் குறைவு. சும்மா எழுந்து போய்ப் பேச்சுக் கொடுத்தாலும் அப்படித்தான். ஆனால் தூண்டில் நூல் சிக்கிக்கொண்டது, வெட்டக் கத்தி வேண்டும் என்றால் போகலாம். போனவர் நூலை அங்கேயே நின்று வெட்டலாம். வெட்டியபின் ஒரு வாய் காப்பி குடிக்கலாம். ஆர்வியின் மகள் பிறந்ததும், கலெர்வோவின் மனைவி ஹெல்சிங்கி போய்த் திரும்பாததும், ஆர்வி காட்டு வேலையை விட்டதும் இப்படி நூல் வெட்டிக்கொண்டே பேசித் தீர்ந்தவைதான். கலெர்வோவின் நூல் நாளைக்கு நான்கு தடவை சிக்கும்.

ஆர்விக்கு மரம் வெட்டும் முகாமில் பழகிய ஒரு கறார் இருந்தது. கத்தியைப் பிடி முன்னால் இருக்கும்படி நீட்டுவார். வாங்குகிறவன் பிடியைப் பற்றி, “புடிச்சாச்சு” என்று வாயால் சொல்ல வேண்டும். சொல்லாதவரை விடமாட்டார். கலெர்வோ வேண்டுமென்றே சொல்லாமல் நிற்பார். இரண்டு வளர்ந்த ஆட்கள், உறைநிலைக்கு இருபது பாகை கீழே, ஒரு கத்தியின் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பார்கள்.

“சொல்லுடா, கை வெறைக்குது.”

“என்ன சொல்லணும்?”

“உங்கப்பன் பேரச் சொல்லு. டேய், சொல்லித் தொலைடா.”

“புடிச்சாச்சு.”

அந்தக் கத்தியின் பிடி பூர்ச்ச மரப்பட்டையை அடுக்கி ஆர்வியே செய்தது. நாற்பது வருட மீன் கொழுப்பில் கறுத்து மினுமினுத்தது.

போன மார்ச்சில் ஒரு நாள், வெயில் கண்ணைக் கூசவைத்த முற்பகலில், கலெர்வோ வழக்கம்போல் நூல் சிக்கு எடுக்கப் போனார். ஆர்வி கத்தியை நீட்டினார். கலெர்வோவின் கை பிடியில் படுவதற்குள், ஒரு சொல்லும் கேட்காமல், விட்டுவிட்டார். கத்தி பனியில் விழுந்து, வழுக்கி, துளைக்குள் போய்விட்டது. “என்னடா” என்று கலெர்வோ நிமிர்ந்து பார்த்தபோது ஆர்வியின் முகத்தில் பாதி இறங்கியிருந்தது. ஏரியிலிருந்து கரைக்கு மீன் சறுக்குவண்டியில் அவரைப் படுக்க வைத்து இழுத்து வந்தது கலெர்வோதான். பக்கவாதம், சீக்கிரம் கொண்டுவந்தீர்கள் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். கை நழுவியதை வைத்தே கண்டுபிடித்ததை அவர்களுக்கு அவர் விளக்கவில்லை.

ஆர்வி பிழைத்தார். வலக்கை வரவில்லை. நாக்கு வரும், பேசப் பேசச் சரியாகும் என்றார்கள். ஆனால் முதல் வார்த்தை குழறி வெளியே வந்ததைத் தன் காதாலேயே கேட்ட ஆர்வி வாயை மூடிக்கொண்டார். பதினொரு மாதம் ஆகிறது. புதன்கிழமைதோறும் பத்தேகாலுக்கு, பேருந்து நேரம் தவறாததுபோல், கலெர்வோ போய் எதிரே உட்கார்ந்துவிட்டு வருவார்.

“நீங்க ரெண்டு பேரும் எப்பவும் பேசாம இருக்கறவங்கதானே” என்றாள் ஆர்வியின் மனைவி கெர்த்து, ஆறுதலாக.

“நாங்க பேசாம இருந்தது வேற, கெர்த்து. இது வேற.”

இந்த வருடம் ஏரி உறைந்த பிறகு கலெர்வோ ஒரே ஒரு நாள் தனியாகப் போனார். நூல் சிக்கியது. எழுந்து அறுபது தப்படி நடந்தார். அங்கே யாருமில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அன்றைக்கு அழுததாகவும் சொன்னார், யாரும் கேட்காமலே.

மறுவாரம் ஹெல்மியின் இரும்புக்கடைக்குப் போனார். ஹெல்மி அவரோடு பள்ளியில் படித்தவள், வாய் நீளம்.

“கத்தி வேணும்.”

“யாருக்கு?”

“எனக்கு.”

ஹெல்மி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள். “ஒன் வயசுல ஜனங்க ஊன்றுகோல் வாங்க வர்றாங்க, நீ மொத கத்தி வாங்க வர்றே. சரி, இதப் பாரு. கொல்லன் கையால அடிச்சது, பிடி சுருள் பூர்ச்ச மரம். நூத்து நாப்பது யூரோ. செத்தா கூடவே பொதைக்கலாம்.”

“வேணாம். ஏரியில விழுந்தா மனசு வலிக்காத மாதிரி ஒண்ணு குடு.”

ஹெல்மி அதற்குமேல் கேலி செய்யவில்லை. ஊருக்கே தெரிந்த கதைதான். மலிவுக் கத்திகள் தொங்கும் பக்கம் அழைத்துப் போனாள். மடங்காத அலகு, பிளாஸ்டிக் உறை, ரப்பர் பிடி. பதினைந்து, பதினேழு யூரோ. கலெர்வோ ஒவ்வொன்றாக எடுத்து இடக்கையில் பிடித்துப் பார்த்தார். இறுக்கினார், தளர்த்தினார், மணிக்கட்டைத் திருப்பினார்.

“நீ வலக்கைக்காரன்தானே?” என்றாள் ஹெல்மி.

கலெர்வோ அடுத்ததை எடுத்து அதையும் இடக்கையிலேயே பிடித்துப் பார்த்தார். கடைசியில் அவர் எடுத்தது விரல் அலகின்மேல் சறுக்காதபடி தடுப்பு வைத்த, ஆரஞ்சு நிறக் கத்தி.

“அது சின்னப் பிள்ளைங்களுக்கு வர்றதுப்பா.”

“மொத கத்திதானே” என்றார் கலெர்வோ.

புதன்கிழமை பத்தேகாலுக்கு அதை இடுப்பில் மாட்டிக்கொண்டு போனார். கெர்த்து கதவைத் திறந்து, அவர் இடுப்பைப் பார்த்து வழிவிட்டாள். ஆர்வி ஜன்னலோர நாற்காலியில் இருந்தார். அங்கிருந்து பார்த்தால் ஏரி தெரியும். கலெர்வோ எதிரே உட்கார்ந்து, பையிலிருந்து கறுப்பு ரொட்டியையும் புகையில் வாட்டிய சாசேஜையும் எடுத்து, புதுக் கத்தியை உறையிலிருந்து உருவி வெட்டத் தொடங்கினார். வெட்டு கோணலாகப் போனது. பேருந்து ஓட்டின கை, வெட்டிப் பழகவில்லை என்று யாரும் நினைக்கலாம். ஆனால் கொஞ்சம் அதிகமாகவே கோணலாக வெட்டினார்.

ஆர்வியின் பார்வை ஜன்னலைவிட்டு இறங்கியது. கத்தியைப் பார்த்தார். இந்த மாதிரிக் கத்திகளை அவர் ‘பெயின்ட் டப்பா கிளறுற கத்தி’ என்பார், நல்லபடியாக இருந்த காலத்தில். இப்போது முகத்தின் நல்ல பாதி சுளித்தது. சாசேஜின் மூன்றாவது துண்டு கிழிந்தபோது அவருக்குப் பொறுக்கவில்லை. இடக்கை மெதுவாக எழுந்து, உள்ளங்கை மேலே தெரிய, நீண்டது.

கலெர்வோ அலகின் முதுகைத் தன் கைக்குள் வைத்து, பிடி முன்னால் இருக்கும்படி நீட்டினார். ஆர்வியின் விரல்கள் ஆரஞ்சுப் பிடியைச் சுற்றி மூடின. இழுத்தார். வரவில்லை. கலெர்வோ விடவில்லை.

“என்னப்பா இது, அவரு கையில போயிக் கத்தி” என்று கெர்த்து சமையலறை வாசலுக்கு வந்தாள்.

“நீ சும்மா இரு, கெர்த்து” என்றார் கலெர்வோ, அவளைப் பார்க்காமல். “சொல்லுடா. கை வெறைக்குது.”

அடுப்பு கணகணவென்று எரிந்து அறை சூடாக இருந்தது. ஆர்வி மறுபடி இழுத்தார். கோபம் வந்தது, கழுத்து சிவந்தது, கண் ஜன்னலுக்குப் போய்த் திரும்பியது. சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. கலெர்வோவின் பிடி தளரவில்லை. பிறகு ஆர்வியின் உதடு ஒரு பக்கமாகத் திறந்தது.

“பு... சாசு.”

கெர்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். கலெர்வோ விடவில்லை. இடது கையைக் காதுக்குப் பின்னால் குவித்து, தலையைச் சாய்த்துக் காத்திருந்தார்.