எம்.ஏ. பட்டியலில் பதினோராவது பெயர்

காஞ்சிரங்குளத்தில் மைக்செட் கடை வைத்திருந்த சகாயதாஸ் ஒன்பதாம் வகுப்பைத் தாண்டவில்லை. ஆனாலும் 1999 ஜூன் மாதம், பொருளியல் எம்.ஏ. 1984 வகுப்பு மாணவர் பட்டியலில் அவர் பெயர் பதினோராவதாக இருந்தது.

அதைக் கண்டு சொன்னவன் நெய்யாற்றின்கரையில் இன்டர்நெட் கடை நடத்திய ரெஜி. ஸ்பீக்கர் ஒன்றை ரிப்பேருக்குக் கொண்டுவந்தவன், "அண்ணன் எம்.ஏ. ஆக்கும் இல்லியா? ஒரு வார்த்த சொல்லல்ல பாத்தியளா!" என்றான்.

மஸ்கட்டில் வேலைபார்த்த பழைய மாணவர் கிருஷ்ணன்குட்டி இலவசமாகக் கிடைத்த ஒரு வலைப்பக்கத்தைத் தொடங்கி, வகுப்புவாரியாகப் பெயர்ப் பட்டியல் போட்டிருந்தார். பாறசாலை, ஆரியங்கோடு, காட்டாக்கடைப் பக்கமிருந்து திருவனந்தபுரம் போய்ப் பல்கலைக்கழக விடுதியில் தங்கிப் படித்த இருபது பேர் அதில் எழுதினார்கள். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவார்கள். பாதி வரியில் மலையாளம் வந்துவிடும். பிள்ளையின் பள்ளிக்கூட பஸ், தொலைந்த ரேஷன் அட்டை என்று எங்கே தொடங்கினாலும் கடைசியில் விடுதி இசைக்குழுவில்தான் போய் நிற்பார்கள். அந்தக் குழுவில் கித்தார் வாசித்தவர் சகாயதாஸ்.

அவர் அங்கே போய்ச் சேர்ந்த கதை இவ்வளவுதான். அப்பாவும் அண்ணன்மாரும் கடலுக்குப் போனவர்கள். இவருக்கு வள்ளத்தில் கால் வைத்தாலே குடல் புரளும். அதனால் ஒரு மைக்செட்டுக்காரரிடம் வேலைக்குச் சேர்ந்தார். 1982-ல் விடுதி ஆண்டுவிழாவுக்கு மைக்செட்டோடு போனபோது, குழுவின் கித்தார்க்காரன் அம்மை போட்டுப் படுத்திருந்தான். தேவாலயப் பாட்டுக்குழுவில் கித்தார் பழகியிருந்த சகாயதாஸ், ஆம்ப்ளிஃபயரைச் சரிசெய்து வைத்துவிட்டு மேடையேறி வாசித்தார். பிறகு இரண்டு வருஷம் எல்லா விழாவுக்கும் அவரே. சாப்பாட்டு வரிசையில் யாரோ "எந்த டிப்பார்ட்மென்ட்?" என்று கேட்டபோது, முன்னால் நின்றவன் சொன்னதையே இவரும் சொன்னார்: "எக்கனாமிக்ஸ்."

இப்போது கிருஷ்ணன்குட்டி, டிசம்பரில் எல்லாரும் கூட வேண்டும், அதற்குமுன் அவரவர் வகுப்பு நினைவுகளை எழுத வேண்டும் என்று கேட்டிருந்தார். "தாஸ், எங்கே இருக்கிறாய்? நீயும் எழுது" என்று தனியாக ஒரு வரி வேறு.

வீட்டில் மனைவி ஜெஸி சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். சகாயதாஸ் விஷயத்தைச் சொல்லிவிட்டு, "பேரு அங்கன கெடந்துட்டுப் போட்டும். என்ன இப்பம்?" என்றார்.

"நாளைக்கு ஒருத்தன் ஒங்களுக்க சாருக்க பேரு என்னாண்ணு கேட்டா முழிப்பியளா? களவா எடுத்திய? உள்ளத எழுதுங்க."

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் ரெஜியின் கடைக்குப் போய் ஒற்றை விரலால் தட்டினார். 'நான் படிக்க வந்தவன் இல்லை. மைக்செட்டோடு வந்தவன். எக்கனாமிக்ஸ் என்று சொன்னது பொய். பட்டியலில் இருந்து பெயரை எடுத்துவிடவும்.' இதற்கே முக்கால் மணிநேரம் ஆயிற்று.

ஐந்தாம் நாள் கிருஷ்ணன்குட்டி எழுதினார்: 'இத்தனை வருஷம் எங்களை ஏமாற்றிவிட்டாயே.' பெயரையும் எடுத்துவிட்டார். தானே கேட்டதுதான் என்றாலும் பத்துக்குப் பிறகு வேறொரு பெயரைப் பார்த்த சகாயதாஸ் மேலிருந்து ஒருமுறை எண்ணிப் பார்த்தார். இனி அந்தப் பக்கம் வருவதில்லை என்று ரெஜியிடம் சொல்லிவிட்டு வந்தார்.

மறுவாரம் அவருடைய மைக்செட் கடைக்கு ஒரு போன் வந்தது. அந்நாளில் குழுவில் பாடிய ஆனந்தபாய். இப்போது காட்டாக்கடையில் டீச்சர்.

"தாஸே, நீ படிக்கியவன் இல்லேண்ணு எனக்கு அப்பவே தெரியும்."

"எப்பிடி?"

"பரீட்சை நேரத்தில நாங்க எல்லாம் பேயடிச்சது போல நடப்போம். நீ ஒருத்தன் மட்டும் சிரிச்சிட்டே வருவே." பிறகு, "எண்பத்திமூணு விழாவில எனக்க பாட்டு பாதியில நின்னுது ஓர்மை உண்டா? கரண்டு போச்சுண்ணு ஒருத்தன், மழையிண்ணு ஒருத்தன், பத்து நாளா அந்தப் பக்கத்தில எழுதி அடிபிடி" என்றார்.

சகாயதாஸ் உள்ளதைச் சொன்னார். "கரண்டு போவல்ல டீச்சரே. சரணத்தில வரி மறந்து நீங்க நின்னிய. நாந்தான் மைக்க ஆஃப் பண்ணிட்டு பியூஸு போச்சுண்ணு சொன்னேன்."

ஆனந்தபாய் விழுந்து விழுந்து சிரித்தார்.

"வரி மறந்த நேரம் பாத்து பியூஸு போச்சுண்ணுல்லா பதினாறு வருஷம் நெனச்சேன்! எலே, அத எழுது. எனக்க பேரு போட்டே எழுது."

எழுதினார். இரண்டே நாளில் அதன் கீழே முப்பது பதில். அதன்பிறகு ஆளாளுக்குக் கேட்கத் தொடங்கினார்கள்: அன்று முதல் பாட்டு எது, யார் தாளம் விட்டது, மேடைக்குப் பின்னால் வாந்தி எடுத்தவன் யார். பாடியவர்களுக்குத் தங்கள் பயம்தான் நினைவிருந்தது. இவரோ ஒவ்வொரு குரலையும் கேட்டுக் கேட்டு ஆம்ப்ளிஃபயர் குமிழைத் திருகியவர், இவருக்கு எல்லாம் நினைவிருந்தது. ஞாயிறுதோறும் ஒன்றென்று எழுதினார். சோறு ஆறிப்போகிறது என்று ஜெஸிதான் முணுமுணுத்தாள்.

செப்டம்பரில், அந்தக் குழுவில் பாடியிருந்த கிருஷ்ணன்குட்டியே கேட்டார்: 'என் குரல் மைக்கில் எப்படி இருந்தது?' சகாயதாஸ் மறைக்காமல் எழுதினார்: 'மூக்கால் பாடுவீர்கள். பாஸ் தொனியைக் கூட்டி வைத்துச் சமாளித்தேன்.' இரண்டு வாரம் கழித்து அவரிடமிருந்து, டிசம்பர் கூட்டத்துக்குக் கட்டாயம் வர வேண்டும் என்று ஒரு வரி வந்தது.

அவர் போகவில்லை. அன்று பூவாறில் ஒரு கல்யாணம், முன்பே ஒத்துக்கொண்ட வேலை. பழைய விடுதி ஹாலில் பாடியது ஒன்றும் தெளிவாகக் கேட்கவில்லை என்பதுவரை, கூட்டத்தில் நடந்ததையெல்லாம் ஆனந்தபாய் நீளமாக எழுதியிருந்தார். சகாயதாஸ் அதை இரண்டு தடவை படித்தார். அந்த ஹாலில் எதிரொலி அதிகம், ஜன்னல்களுக்குத் துணி கட்டியிருக்கலாம் என்று மட்டும் கீழே எழுதிவிட்டு எழுந்தார்.