துணி நம்முளுது, பட்டறை அவியளுது

இலவசமா மென்பொருள் எழுதிக் குடுக்கற பொழப்புல ஒரு வசதி உண்டுங்க: அது ஓடற வரைக்கும் ஒருத்தரும் நம்மளக் கூப்பிட மாட்டாங்க. நின்னு போச்சுன்னா அத்தனை பேருக்கும் நம்ம நம்பர் ஞாபகம் வந்துரும். உங்கள்ல யாராச்சும் இப்படி ஊருக்கு உழைச்சுட்டு ஒத்தையில உக்காந்திருந்தீங்கன்னா, வாங்க, என்ற பக்கத்துல எடம் நெறைய இருக்குது. நான் திருப்பூர்ல ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில சிஸ்டம் பாக்கறவ.

கை ஒரு கலர், உடம்பு ஒரு கலர்

சாயம் போட்டு வர்ற துணி லாட்டுக்கு லாட்டு, அதாவது ஒவ்வொரு தடவை முக்கியெடுக்கறப்பவும், ஒரு பொட்டு கலர் மாறுமுங்க. ஒரு தடவை ஒரு லாட்டுல வெட்டுன கையும் இன்னொரு லாட்டுல வெட்டுன உடம்பும் ஒண்ணாச் சேந்து தையலுக்குப் போயிருச்சு. சரக்கப் பாக்க வந்த பையர் ஆளு, அதாவது வாங்கற கம்பெனிக்காரரு, அத்தனையும் வேண்டாம்னுட்டாரு. அந்த எரிச்சல்ல நான் எழுதுனதுதான் ‘கட்டு’. வெட்டி அடுக்குன ஒவ்வொரு கட்டுக்கும் லாட் நம்பர், சைஸ் போட்டு ஸ்டிக்கர் அடிக்கும். லாட் கலந்தா தையலுக்கு விடாமக் கத்தும்.

நிரல் தானா ஓடாதுங்க. அடியில ஒரு ரன்டைம் வேணும், வண்டிக்கு இன்ஜின் மாதிரி. வெளிநாட்டுக் கம்பெனி ஒண்ணு அத சும்மாவே குடுத்துச்சு, உள்ள என்ன இருக்குதுன்னு மட்டும் காட்டாது. ஒரே வாரத்துல ஸ்டிக்கர் அடிச்சுருச்சு, எனக்கு அது போதுமுங்க. என்ற நிரல நெட்டுல தொறந்து போட்டேன், யாரு வேணா எடுத்துக்கலாம், மாத்திக்கலாம்னு. எங்க கட்டிங் மாஸ்டர் செல்வராஜ் அண்ணாச்சி திருநெல்வேலிக்காரரு. சேதியக் கேட்டதும் வெட்டற மெஷின நிறுத்திட்டு என்னய ஏற எறங்கப் பாத்தாரு. “ஊரு பூரா சும்மா குடுத்துட்டிய, செரி. நாளைக்கு ஒண்ணுன்னா ஒருத்தனாவது வந்து நிப்பான்னா நெனைக்கிய?”

நாலு வரிக் கோவம்

‘கட்டு’ பல்லடம் வரைக்கும் பரவிருச்சு. ஆனா நிரலத் தொறந்து படிச்சவரு ஒரே ஒருத்தர்தான். சென்னைக்காரரு, இந்த மாதிரி சுதந்திர மென்பொருள்களத் தேடித் தேடித் திரட்டி வெக்கறவரு. அந்த மூடுன ரன்டைம விட்டு வெளிய வந்துருங்க, மாத்தறதுக்கு நானும் கூட உக்கார்றேன்னு மெயில் போட்டாரு.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! பின்னறது ஒரு எடம், சாயம் ஒரு எடம், பிரிண்டிங் ஒரு எடம், எங்க ஊர்ல எல்லாமே வெளிய குடுத்துத்தான் நடக்குது, உங்களுக்கு எங்க நோவுதுன்னு நாலு வரி எழுதி விட்டேன். அவரு ஒரே வரியில முடிச்சுட்டாரு. “உங்க ஊர்ல குடுத்த துணியத் திருப்பி வாங்க முடியும்னு நினைக்கிறேன்.”

பல்லடத்துலருந்து ஒரு போன்

ரெண்டு வருஷம் கழிச்சு அந்த ரன்டைம் கம்பெனிய இன்னொரு பெரிய கம்பெனி வாங்கிருச்சு. ரன்டைம் ஒவ்வொரு தடவை தொறக்கும்போதும் அவங்க கம்ப்யூட்டர்கிட்ட உத்தரவு கேக்குமாமா. இன்னும் மூணு மாசத்துக்குத்தான் அந்த உத்தரவு, அப்பறம் கெடையாதுன்னு மெயில் வந்துச்சு. கடைசியில வாழ்த்து வேற! அதுக்குள்ள வேற இன்ஜினுக்கு மாத்தலீன்னா ‘கட்டு’ செத்துரும். மாத்தறதுக்கு நான் ஒருத்திதான்.

‘கட்டு’ ஓட்டறவங்களுக்குன்னு இருக்கற வாட்ஸ்அப் குரூப்புல சேதி போட்டதும் மொதல்ல கூப்பிட்டது, பல்லடத்துல தையல் யூனிட் வெச்சிருக்கற சென்னியப்பன் அண்ணன்.

“ஏனுங்க அம்மணி, எழுதுனது நீங்க. எவனோ எப்புடிங்க நிறுத்துவான்?”

“துணி நம்முளுதுங்கண்ணா, சாயப்பட்டறை அவியளுது. பட்டறையப் பூட்டிட்டாங்க, துணி உள்ள சிக்கிக்கிச்சு.”

சாயக்கழிவுத் தண்ணிக் கேஸ்ல பட்டறைக பூட்டிக் கெடந்த ஊரு இது, பட்டறை பூட்டுன்னா எங்க ஊர்ல கொழந்தைக்கும் புரியுமுங்க. ஒரே பட்டறைய நம்பி எந்த யூனிட்டுக்காரரும் இருக்க மாட்டாங்க, ஒண்ணு நின்னா போறதுக்கு இன்னொண்ணு பேசி வெச்சிருப்பாங்க. இங்கியே பொறந்து வளந்த எனக்கு அது தோணாமப் போச்சே! அப்பறம் அவரு கேட்டதுல கோவங்கூட இல்லீங்க, அதுதான் சுருக்குன்னு தெச்சுது. “ரெண்டாவதா ஒரு பட்டறை பாத்து வெக்கலீங்களா, அம்மணி?”

குரூப்புல கும்பிட்ட கைக

யாராச்சும் கூட உக்காந்து மாத்தித் தர முடியுங்களான்னு அதே குரூப்புல கேட்டேன். நாலு கும்பிடு, ரெண்டு கட்டைவிரல், ரோசாப்பூ போட்ட காலை வணக்கம் ஒண்ணு வந்துச்சு. அவ்வளவுதான்.

ஞாயித்துக்கெழமை ஆனா ஊரே கடைவீதியில நிக்கும், நான் ஆபீஸ்ல இருப்பேன். மெஷின் ஓடாத பனியன் கம்பெனியில உக்காந்து பாத்திருக்கீங்களா? ஃபேன் சுத்தறது கூட அதிகமாக் கேக்கும். மத்தியானம் டிபன்பாக்ஸத் தொறந்து வெச்சுட்டு, பேச ஆளில்லாம ஸ்கிரீன்ல இருக்கற தப்பையே திட்டிக்கிட்டுத் திம்பேன். ஒரு நாளு சோத்து முன்னால அழுதே போட்டேனுங்க. இத்தன பேரு கையில என்ற ‘கட்டு’ இருக்குது, தூக்கி விட ஒரு கையக் காணம். வெக்கத்த விட்டுட்டுச் சென்னைக்காரருக்கு எழுதுனேன், அன்னிக்குப் பேசுனதுக்கு மன்னிப்பும் கேட்டேன். அன்னைக்கே பதில் வந்துச்சு. “அப்போ நேரம் இருந்தது, இப்போ கைக்குழந்தை இருக்கு, நீங்க கேட்டதே சந்தோஷம்.”

கெடு முடிஞ்ச காலை

‘கட்டு’ தொறக்கல. சாம்பல் கலர்ல ஒரு பெட்டி வந்து நின்னுச்சு. என்ற வேலை முக்காவாசிதான் முடிஞ்சிருந்துச்சு. நான் ஸ்கிரீனையே பாத்துட்டு நிக்கறேன், செல்வராஜ் அண்ணாச்சி பழைய அட்டையக் கிழிச்சு, பேனாவால லாட் நம்பர் எழுதி ஒவ்வொரு கட்டுலயும் சொருக ஆரம்பிச்சாரு. எனக்கும் ஒரு பேனாவ நீட்டுனாரு. “அழாதிய, நான் நிக்கேம்லா.”

பென்டிரைவ்

மேல ஒன்றரை மாசம் ஆச்சுங்க. இப்ப இன்ஜின்லருந்து ஸ்டிக்கர் வரைக்கும் எல்லாமே தொறந்த சரக்கு, யாரும் பூட்ட முடியாது. போன்ல சொல்ல மனசில்லாம பென்டிரைவ எடுத்துக்கிட்டு பஸ் ஏறிப் பல்லடத்துக்கே போனேன்.

சென்னியப்பன் அண்ணன் காப்பி வாங்கிக் குடுத்தாரு. அவரு கம்ப்யூட்டர்ல வேற என்னமோ ஓடிக்கிட்டிருந்துச்சு. “ஒரு கம்பெனிக்காரங்க வந்து போட்டுக் குடுத்தாங்க அம்மணி. எல்லாம் அவிய சர்வர்லயே இருக்குதுங்களாமா, நமக்கு ஒரு ரோதனையும் இல்லீங்க”ன்னாரு. காப்பிய அப்பிடியே கீழ வெச்சேன். ஆனா என்ற வாய் சும்மா இருக்குமா? “ரெண்டாவது பட்டறை பாத்து வெச்சிருக்கீங்களாண்ணா?”ன்னு கேட்டே போட்டேன். அவரு சிரிக்கவும் இல்ல, கோவிச்சுக்கவும் இல்ல. என்ற கையில இருந்த பென்டிரைவ வாங்கி, மேஜை டிராயர்ல வெச்சுப் பத்திரமாப் பூட்டுனாரு. “அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே, அம்மணி.”

ஆக, அடுத்தவிய பட்டறைக்குப் பூட்டு விழற அன்னைக்கு ஊரே வந்துருமுங்க, அது வரைக்கும் இந்த ரெண்டாவது பட்டறையக் கூட்டிப் பெருக்கித் தொறந்து வெச்சுட்டு நான் மட்டும் உக்காந்திருக்கேன்.