இரைச்சல் இல்லாத ஆம்ப்ளிஃபையர்

பாவா, அதாவது அக்காவின் கணவர், திருத்தணியில் மைக் செட் வாடகைக்கு விடுகிறார். சென்ற ஆடியில் புதிதாக ஓர் ஆம்ப்ளிஃபையர் வாங்கினார். தூக்கிப் பார்த்தேன், எடையே இல்லை. பெரிய டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. மின்சாரத்தை மாற்றித் தரும் பகுதியைக் கறுப்புப் பிசினில் புதைத்து, மேலே காப்புரிமை எண்ணை ஒட்டியிருந்தார்கள். பிளக்கில் எர்த் முள் இல்லை.

"எர்த்தே தேவையில்லையாம் மச்சான். பேடண்ட் வாங்கின சர்க்யூட்டு. இரைச்சல் சுத்தமா வராது."

நான் அரக்கோணத்தில் மின்சார வேலை பார்ப்பவன். "பேடண்ட்டுன்னா இதுக்கு முன்னாடி யாரும் இப்படிச் செய்யலைன்னுதான் பாவா அர்த்தம். செஞ்சது சரின்னு இல்ல."

"ஆங், நீ போயி அவங்களுக்குப் பாடம் எடு."

பெட்டியின் உடம்பில் டெஸ்டரை வைத்தேன். மின்னியது. இந்த வகைப் பெட்டியில் சிறிது மின்கசிவு இயல்புதான். சந்தேகம் தீர, உடம்புக்கும் எர்த்துக்கும் நடுவே சிறு பல்பு ஒன்றைக் கட்டினேன்; இயல்பான கசிவுக்கு அது எரியாது. காலையில் எரியவில்லை. பெட்டி பகல் முழுக்க ஓடிச் சூடான பிறகு மீண்டும் கட்டினேன். இழை மங்கலாகச் சிவந்தது. பிசினுக்குள் எது பழுது என்று பார்க்க வழியில்லை.

மறுநாள் ஆடிக் கிருத்திகை. அக்காவின் பஜனைக் குழு குளத்தில் முழுகி, ஈரப் புடவையோடு, வெறுங்காலில் நின்று பாடும். கையில், பெட்டியின் உடம்போடு கம்பியால் சேர்ந்த இரும்பு மைக். பழைய பெட்டி கே.ஜி.கண்டிகை ஊருக்கு வாடகைக்குப் போயிருந்தது.

பெட்டிக்கு எர்த் கம்பி இழுத்துக் கட்டினேன். ஸ்பீக்கரில் இரைச்சல் எழுந்தது. பாவா முகம் சுளித்தார்.

"இந்த இரைச்சல் கேட்கிற வரைக்கும் கசிவு எர்த்துல இறங்குதுன்னு அர்த்தம், அக்காவுக்கு ஆபத்தில்ல. கம்பியைத் தொடாதீங்க."

பாட்டு தொடங்கியபோது பெட்டி பகல் முழுக்க ஓடிச் சூடாக இருந்தது. நான் அடியில் ஓடிய இரைச்சலை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டாம் பாட்டின் நடுவே அது நின்றது.

திரும்பினேன். அவிழ்த்த கம்பியோடு பாவா சிரித்தார். "இப்ப கேளு மச்சான், தேனாட்டம் இருக்குது."

ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தேன்.

"கரண்ட்டும் விரதமாய்யா?" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்.

அக்காவின் விரல்கள் நடுங்கின. முகம் மட்டும் மலர்ந்திருந்தது. "கை விர்ருனு இழுத்துச்சுடா. சாமி வருதுன்னு நெனச்சிகினு இன்னும் இறுக்கிப் புடிச்சேன்."

"அது சாமி இல்லக்கா, கரண்ட்டு" என்றேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. குழுவின் பெண்கள் அவள் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அடுத்த பாட்டுக்கு மைக்கைத் தன்னிடம் தரும்படி ஒவ்வொருத்தியும் ஈரக் கையை நீட்டினாள். பாவா மெயினை மறுபடி போட வந்துகொண்டிருந்தார்.