கதவோடு கடலுக்குப் போனவன்

கும்மிடிப்பூண்டியில் யாரிடமும் கடலுக்கு வழி கேட்காதீர்கள். வந்த முதல் வாரம், நான் வேலை பார்க்கும் இரும்பு ஆலை வாசலில் உள்ள டீக்கடையில் கேட்டுவிட்டேன். மாஸ்டர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை அந்தரத்தில் நிறுத்திவிட்டு, "அடப்பாவமே, யாரு பூட்டாங்க?" என்றார். யாரும் போகவில்லை, சும்மா பார்க்கத்தான் என்றேன். "சும்மா இன்னாத்துக்கு நைனா கடலுக்குப் போற? அமாவாசைக்குப் போவாங்க, கருமாதிக்குப் போவாங்க. ஒனக்கு இன்னா பேஜாரு?" துக்கத்தை மறைக்கிறேன் என்று நினைத்து ஒரு பன்னையும் கையில் திணித்தார். பசி, தின்றுவிட்டேன். சாகாத ஆளுக்கு நான் தின்ற முதல் காரியச் சாப்பாடு அது.

அக்கரையில், இலங்கையில் இருக்கிற உங்களுக்கும், என்னைப்போல இக்கரையில் கொட்டப்பட்ட உங்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் படித்தது ஏழாம் வகுப்பு, அதிலும் பாதி. ஆனால் 'தாயகம் திரும்பியவர்' என்று என் அட்டையில் எழுதியவன் அதைவிடக் குறைவாகப் படித்திருக்க வேண்டும். ஒரு தடவைகூடக் கால் வைக்காத ஊருக்கு எப்படியடா திரும்புவது? இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து எங்களை ஆட்டுக்குட்டி பிரிப்பதுபோலப் பிரித்தன. அம்மாவும் நானும் இந்தப் பக்கம். கல்யாணமான அண்ணன் தனி மனு, இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. இந்தியாவா, இலங்கையா என்று அவர் எழுதிக் கொடுக்க வேண்டும். கப்பல் ஏறும்போது அவர் சொன்னது இதுதான்: "தம்பி, அங்க நம்ம முனை மாதிரி ஒண்ணு இருந்தா எழுது, வந்துர்றேன். அலை இல்லாத ஊருக்கு நான் எதுக்கு?" சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அவர் சிரித்துக்கொண்டு சொல்வதெல்லாம் நிஜம்.

முனை என்றால் கரை கடலுக்குள் மூக்கை நீட்டும் இடம். அங்கே அலை சுவர் மாதிரி மொத்தமாக இடிந்து விழாது. மூக்கில் உடையத் தொடங்கி, துணி கிழிவதுபோலக் கரையோரமாகவே ஓடும். அலைச்சறுக்குப் பலகையில் ஏறி நின்றால் அந்த அலையின் தோளிலேயே கால் மைல் போகலாம். தேயிலைத் தோட்டத்தை விட்டு இறங்கிய அப்பா, கிழக்கிலங்கையில், பொத்துவில் கரையில் தேத்தண்ணிக் கடை போட்டிருந்தார். நீண்ட முடி வெள்ளைக்காரர்கள் அந்த முனையைத் தேடி வந்தார்கள். ஒருவன் உடைத்துப் போட்டுவிட்டுப் போன பலகையை ஒட்டவைத்து அண்ணன் அலைமேல் ஓடினார். அவர் பின்னால் நான் ஓடினேன்.

இங்கே ஆலைக்கு இயந்திரம் வந்த மரப்பெட்டிகளைப் பிரித்து, தார் பூசி, எட்டடிப் பலகை ஒன்று செய்தேன். ஞாயிறுதோறும் பஸ்ஸில் அலைந்தேன். "கதவுக்குத் தனியா டிக்கெட் வாங்கு" என்பார் கண்டக்டர். எண்ணூரிலிருந்து வடக்கே நடந்து பார்த்தேன். கோடு போட்டதுபோல ஒரே நேர்க்கரை. மூக்கே இல்லாத முகம். அவ்வளவு நீளக் கரையில் ஒரு பாறையை வைக்கத் துப்பில்லாத நாட்டுக்கா என்னை அனுப்பினீர்கள் என்று கத்தினேன். நண்டு ஒன்று பயந்து வளைக்குள் போனது.

பழவேற்காட்டில் ஏரியைக் கடக்கத் தோணி போடும் தேசப்பன்தான் என்னை மனிதனாக மதித்த முதல் ஆள். மீன்பிடிக்காரர். மதிப்பு என்றால் கிண்டல்தான். "இன்னாடா கதவு, ஊடு எங்க? கதவ மட்டும் தூக்கிக்கினு திரியற?"

"ஊட்ட ரெண்டு கவர்மெண்டும் பிரிச்சிக்கினு பூட்டாங்கண்ணா, கதவுதான் மிச்சம்" என்றேன். ஒரே மாதத்தில் எனக்கும் அவர் பேச்சு ஒட்டிக்கொண்டது. தோணி ஆடும்வரை சிரித்தார். பலகையைத் தன் வலைக் கொட்டகையில் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் யாரும் இல்லை. பலகையை எடுத்துக்கொண்டு, வேறு ஊர்த் தோணி ஒன்றைப் பிடித்து, ஏரி கடலில் கலக்கும் முகத்துவாரத்துக்குப் போனேன். பாறை வேண்டும் என்று யார் சொன்னது? மணலே கடலுக்குள் விரல் நீட்டியிருந்தது. தெற்கிலிருந்து வந்த அலை அந்த விரலைத் தொட்டு, உடைந்து, வடக்கே ஓடிக்கொண்டிருந்தது. பொத்துவில் அலையேதான், கொஞ்சம் அழுக்காக. கட்டுமரங்கள் எல்லாம் கரையில் ஏறிக் கிடந்தன. எனக்கென்றே கடலைக் காலி செய்து வைத்திருக்கிறார்கள் என்று குதித்தேன். மூன்றாவது அலையில் நின்றேன். அண்ணே, இருக்கு, வா என்று ஊளையிட்டேன். கரையில் ஆட்கள் கூடினார்கள். வேடிக்கை பார்க்கிறார்கள் என்று, ஒற்றைக் காலில் நின்று சலாம் வேறு வைத்தேன்.

கரைக்கு வந்ததும் தேசப்பன் என் கழுத்தைப் பிடித்தார். கண் சிவந்திருந்தது. "என் தம்பி நேத்துலேந்து வரலடா. ராவெல்லாம் தேடிட்டு, ஊரே கட்டுமரத்த எறக்காம குந்திக்கினு கீது. அவன் உள்ள கெடக்கறான். நீ அவன் மேல ஏறி ஆடிக்கினு கீற."

கடல் ஒரு ஆளை எடுத்தால் யாரும் அதில் இறங்கக் கூடாது, எனக்குத் தெரியாதா இந்த வழக்கம்? பொத்துவிலில் இருவர் மூழ்கிய மறுநாள், பலகையோடு இறங்கிய வெள்ளைக்காரர்களைக் கரையில் நின்று தாயைச் சொல்லித் திட்டியவன் நான். ஏறிக் கிடக்கும் மரத்தைப் பார்த்தால் ஒரு மீனவ ஊர் என்ன சொல்கிறது என்று தெரிந்தவன். தெரிந்த கண் எங்கே போனது? அன்று அந்த வெள்ளைக்காரர்களில் ஒருவன் பல்லைக் காட்டி, "சாரி மேட்" என்றான். வந்து போகிறவனுக்கு யார் செத்தால் என்ன என்று அன்று காறித் துப்பினேன். இன்று என் வாயில் அந்த "சாரி"கூட வரவில்லை. தேசப்பன் மீது கோபப்பட வழியில்லை. அதனால் எல்லாக் கோபமும் என் மீதே வந்து விழுந்தது. மீதியை, எங்களைப் பிரிக்கக் கையெழுத்துப் போட்ட இரண்டு அரசாங்கப் பேனாக்களுக்கும் கொடுத்தேன். ஒரு மனிதனை அவன் ஊரிலிருந்து பிடுங்கினால், அவன் போகிற இடத்திலெல்லாம் வெள்ளைக்காரன் ஆகிவிடுகிறான். இதை எந்த அட்டையிலும் எழுதவில்லையே.

உடல் மூன்றாம் நாள் கிடைத்தது. கூட்டத்தின் கடைசியில் நின்றேன். யாரும் வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பதினாறு முடிந்து, மரங்கள் மறுபடி கடலில் இறங்கிய காலையில், தேசப்பன், அன்று பிடுங்கி வைத்த பலகையைக் கொட்டகையிலிருந்து இழுத்து என் காலடியில் போட்டார். "எறங்கு" என்றார். கதவு என்று கூப்பிடவில்லை. இன்றுவரை கூப்பிடவில்லை.

அண்ணனுக்கு எழுதிவிட்டேன். "முனை இருக்கிறது. நல்ல முனை. நீ வராதே. இலங்கை என்றே எழுதிக் கொடு. கரையைப் பார்த்ததும் யார் வீட்டில் சாவு என்று தெரிகிற ஊரை விடாதே."

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை போகிறேன். முதலில் மரங்களைப் பார்க்கிறேன், பிறகுதான் தண்ணீரை. அந்த அலை தெற்கிலிருந்து, அண்ணன் இருக்கும் பக்கமிருந்து வருகிறது. ஏறி நின்றால் வடக்கே கொண்டுபோய், அவரிடமிருந்து இன்னும் கால் மைல் தள்ளி இறக்கிவிடுகிறது. நான் பலகையைத் தலையில் தூக்கிக்கொண்டு, சுடுமணலில் திட்டிக்கொண்டே தெற்கே நடக்கிறேன். மறுபடி ஏறுகிறேன்.